வெயில் தோட்டமா, குளிர் தோட்டமா?

வீட்டுத் தோட்டம் போடப் போகிறவர்கள் “எந்தப் பருவத்தில் ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டால், முன்பெல்லாம் “உங்களுக்கு என்ன காய் பிடிக்கும்?” என்று திருப்பிக் கேட்பேன். இப்போது கேட்பது வேறு: “வாரத்தில் எத்தனை நாள் செடிப் பக்கம் போவீர்கள்?” வெயில் தோட்டம் யாருக்காகவும் காத்திருக்காது. குளிர் தோட்டம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மற்ற வித்தியாசங்களெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வெயில் தோட்டம் என்று நான் சொல்வது வெண்டை, கத்தரி, வெள்ளரி, பூசணி, சுரை, புடலை, பீர்க்கு வகையறா. மண் நன்றாகச் சூடேறினால்தான் இவை முளைக்கும். குளிர் தோட்டம் என்றால் கேரட், பீட்ரூட், முள்ளங்கி, முட்டைக்கோஸ், பட்டாணி, லெட்யூஸ், பாலக். வெப்பம் 15 முதல் 24 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் இவற்றுக்குக் கொண்டாட்டம். அது எந்த மாதம் என்பது ஊருக்கு ஊர் மாறும். செடிக்கு மாதம் தெரியாது. வெப்பமும் பகலின் நீளமும்தான் தெரியும்.

தக்காளியை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். குளிரும் ஆகாது, கடும் வெயிலும் ஆகாது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் பூவெல்லாம் காய் பிடிக்காமல் உதிரும். உரம் போதவில்லை என்று மேலும் மேலும் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உரத்தின் குற்றமே இல்லை.

சரி, வெண்டைக்கு வருவோம். வெண்டைப் பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. காலையில் இளமஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புக் கண்ணோடு விரியும், மாலைக்குள் சுருண்டுவிடும். அங்கிருந்து நாலைந்து நாளில் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். ஒரு முறை ஆறு நாள் வெளியூர் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் தண்ணீர் ஊற்றச் சொன்னவன், காயைப் பறித்துக்கொள்ளச் சொல்ல மறந்துவிட்டேன். வந்து பார்த்தால் பதினேழு வெண்டை, ஒன்றின் நுனிகூட ஒடியவில்லை, வளைகிறது. கத்திக்கு மசியாத நார். இலைக்கடியில் ஒளிந்திருந்த வெள்ளரி இரண்டு மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தன. நஷ்டம் அதோடு நிற்பதில்லை. காய் முற்றினால் செடி “வேலை முடிந்தது” என்று எடுத்துக்கொண்டு, புதுப் பூ விடுவதைக் குறைத்துவிடும்.

ஆனால் அந்த அவசரத்துக்கு ஈடாக வெயில் தோட்டம் ஒரு காட்சி வைத்திருக்கிறது. பொழுது சாயும்போது பந்தலடியில் போய் நில்லுங்கள். சுரையும் புடலையும் வெள்ளையாக, பீர்க்கு மஞ்சளாக, கண்ணெதிரே மலரும். புடலைப் பூவின் ஓரத்தில் துணியிலிருந்து நூல் பிரிந்த மாதிரி இழை இழையாகத் தொங்கும். அந்துப்பூச்சிகள் வரும் நேரத்துக்காகத் திறக்கிற பூக்கள் இவை. பூசணி நேர்மாறு: விடியலில் விரிந்து உச்சிக்குள் மூடிக்கொள்ளும்.

பூசணியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூவாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டிப் பூசணி உட்கார்ந்திருக்கும், அடையாளம் தப்பாது. தேனீ நடமாட்டம் குறைவாக இருந்தால் நாம்தான் தரகர். காலையிலேயே ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும் நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். சில நாளில் முடிவு தெரிந்துவிடும். பிடித்திருந்தால் குண்டு பெருக்கும். இல்லையென்றால் மஞ்சளித்து உதிரும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மூன்றாம் நாள் காலையில் பல் துலக்குவதற்கு முன்னாலேயே போய்ப் பார்க்கிறேன்.

குளிர் தோட்டத்தில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. அங்கே பொறுமைச் சோதனை முதலிலேயே வந்துவிடும். கேரட் விதை முளைக்க ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். விதை மேலாகத்தான் இருக்கும் என்பதால் அதுவரை மேல்மண் காயவே கூடாது. நான் நனைத்த சாக்கைப் பாத்திமேல் விரித்து, ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பேன். முளை தலைகாட்டியதும் சாக்கை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் வெளிறிப்போகும். கேரட்டோடு நாலு முள்ளங்கி விதையையும் கலந்து தூவினால், அது சில நாளிலேயே முளைத்து வரிசை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் கலைத்துவிடும் வேலை. ஆசை ஆசையாக வளர்த்த நாற்றில் பாதியைப் பிடுங்கிப் போட மனசு வராது. எனக்கு மனசு வர மூன்று வருடம் ஆயிற்று. அந்த மூன்று வருடமும் கயிறு முறுக்கிய மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட கேரட்தான் கிடைத்தது. மண்ணில் கல் கிடந்தாலோ, மட்காத எருவைப் போட்டிருந்தாலோ இரண்டு கால், மூன்று கால் முளைத்த கேரட் வரும். குழந்தைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கிறது, அது வேறு விஷயம்.

இவ்வளவு பொறுத்துக்கொண்டவர்களுக்குப் பிற்பாடு நிம்மதி. முதிர்ந்த கேரட்டும் பீட்ரூட்டும் குளிர்ந்த மண்ணுக்குள் வாரக்கணக்கில் கெடாமல் கிடக்கும். வேண்டும்போது வேண்டியதைப் பிடுங்கிக்கொள்ளலாம். உறைபனி எட்டிப் பார்க்கும் இடங்களில் இன்னும் விசேஷம்: குளிரைத் தாங்குவதற்காகச் செடி தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும், கேரட் கூடுதலாக இனிக்கும்.

குளிர்க் கூட்டம் முழுக்கச் சாது என்றும் சொல்லிவிட முடியாது. முள்ளங்கியை இரண்டு வாரம் மறந்தால் உள்ளே பஞ்சாகிவிடும். பட்டாணியைப் பறித்த நிமிடத்திலிருந்தே இனிப்பு மாவாக மாறத் தொடங்கும். உண்மையான ருசி கொடியடியிலேயே உரித்து வாயில் போட்டுக்கொள்கிறவர்களுக்குத்தான். பருவம் முடிந்து வெயில் ஏறினால் லெட்யூஸும் பாலக்கும் பூத்தண்டு விட்டு உயர்ந்துவிடும், இலை கசக்கும். பகல் 14 மணி நேரத்தைத் தாண்டினால் வெயில் மிதமாக இருந்தாலும் பாலக் பூக்கப் பார்க்கும்.

பூச்சியில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. வெயிலில் வெள்ளை ஈயும் பழ ஈயும், குளிரில் அசுவினியும் கோஸ் புழுவும். கொடிக்காய்களைப் பிஞ்சிலேயே காகிதப் பையால் மூடிவிட்டால் பழ ஈக்கு வழியில்லை. முட்டைக்கோஸ் மட்டும், ரசாயனம் இல்லாமல் வளர்ப்பதானால், முதல் நாளே வலை போர்த்த முடியாதவர்கள் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. வெள்ளை வண்ணத்துப்பூச்சி இலையில் அழகாக உட்கார்ந்துவிட்டுப் போகும், அதன் விலை பிறகுதான் தெரியும்.

தண்ணீர்ச் செலவு வெயில் தோட்டத்துக்குத்தான் அதிகம். காய்ந்த இலையோ வைக்கோலோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் பாதிக் கவலை தீரும். வெள்ளரிக்குத் தண்ணீர் ஒரு நாள் உண்டு, இரண்டு நாள் இல்லை என்று இருந்தால் காய் கசந்துவிடும். மட்கு உரத்துக்கோ வெயில் காலமே நல்ல காலம். கிளறிவிட்டு ஈரமும் காத்தால் குவியலின் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை ஏறும். கையை உள்ளே விட்டால் சட்டென்று இழுத்துக்கொள்வீர்கள்.

ஆகவே, தினமும் காலையோ மாலையோ பத்து நிமிடம் தோட்டத்தில் நிற்க முடிகிறவர்களுக்கு வெயில் தோட்டம். வாரக் கடைசியில் மட்டும் கை நனைக்க முடிகிறவர்களுக்கு, தண்ணீர் பாய்ச்ச மட்டும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டு, குளிர் தோட்டம். என் பாத்தியில் மூன்றில் இரண்டு பங்கு குளிர்க் கூட்டத்துக்கே போகிறது. வயசும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விதை சேர்க்கிறவர்கள் மட்டும் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். கேரட், பீட்ரூட், கோஸ் மூன்றும் ஒரு குளிரைத் தாண்டி அடுத்த ஆண்டுதான் பூத்து விதை தரும். வெண்டை அந்தப் பருவத்திலேயே தந்துவிடும். அன்றைக்கு நார் பாய்ந்து நின்ற பதினேழில் நல்ல இரண்டைச் செடியிலேயே விட்டுவைத்தேன். ஒரு மாதத்தில் பழுப்பாகிக் காய்ந்து, விலாவில் வெடிப்பு விட்டது. காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கிலுகிலுவென்றது.