ஒன்பது மாதம், 14,600 கிலோமீட்டர்: டெல்டாவில் ஒரு மின்சார மோட்டார் சைக்கிள்

மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். பம்புசெட் மோட்டார், மாவு மில் மோட்டார், அரிசி ஆலை மோட்டார் எல்லாம் வரும். காயில் கருகியிருக்கும் விதத்தைப் பார்த்தே எரிந்த காரணத்தைச் சொல்லிவிடலாம். மூன்று பேஸின் (மோட்டாருக்கு மின்சாரம் வரும் மூன்று வழி) கட்டுகளும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் வோல்டேஜ் குறைந்து, பாரம் தாங்காமல் எரிந்தது. சில கட்டுகள் மட்டும் கரியாகி மற்றவை புதிதுபோல மின்னினால் ஒரு பேஸ் போய், மீதியில் ஓடி எரிந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் மின்சார மோட்டார் சைக்கிள் வாங்கியபோது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று எல்லோரும் கேட்ட கேள்வியோடு எனக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. வழியில் எந்த ஊரில் எத்தனை வோல்ட் வரும்?

ஆடிப்பெருக்கு அன்று வண்டியை எடுத்தேன். பேட்டரியின் கொள்ளளவு 4 யூனிட். விளம்பரத் தாளில் 175 கிலோமீட்டர் என்று அச்சிட்டிருந்தார்கள். சோதனைக்கூடத்தில் உருளைமீது ஓட்டிக் கிடைக்கும் கணக்கு அது. நம் சாலையில் 50 வேகத்தில் போனால் 120 வருகிறது. 75, 80 என்று முறுக்கினால் 80 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பெட்ரோல் வண்டியிலும் இதே கதைதான். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. அதில் முக்கால்வாசியைச் சூடாக வெளியே விட்டாலும் டாங்கி தாங்கும். என் வண்டியின் மொத்தச் சேமிப்பே அரை லிட்டருக்கும் குறைவு. வீணாக்க அதில் இடமே இல்லை.

டெல்டாவில் ஓட்டுபவர்கள் வேகத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது காற்று. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. தாம்பாளம் மாதிரி நிலம். இந்தத் தட்டை நிலம் பேட்டரிக்கு நல்லது என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே தெரிந்தது, மலை இல்லாத குறையை மேல்காற்று தீர்த்து வைக்கிறது என்று. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகைக்கு 84 கிலோமீட்டர் போனேன். காற்று முதுகில் தள்ளியது. 58 சதவீதம்தான் செலவானது. அங்கே ஐஸ் பாக்டரியில் முழுக்க ஏற்றிக்கொண்டு அதே சாலையில், அதே வேகத்தில் திரும்பினேன். 87 சதவீதம் தீர்ந்தது. அம்மியைப் பறக்கவைக்கும் காற்றுக்கு இரண்டு சக்கரமும் ஒரு மனிதனும் எம்மாத்திரம்! மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது வடக்கே, மாயவரம் பக்கம் போகிறவர்களுக்கு இதே அனுபவம் வரும். அந்த மாதங்களில் எதிர்காற்றுத் திசையில் 90 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

அன்றாட வேலைக்கு இந்த வண்டி பொன். மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர், திரும்ப வீடு என்று ஒரு நாளில் எழுபது, எண்பது கிலோமீட்டர் சுற்றுகிறேன். இரவு மாட்டினால் காலையில் நிறைந்திருக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போது சுற்றிலும் எல்லா வண்டியும் உறுமிக்கொண்டிருக்க, நம் வண்டி மட்டும் மூச்சுவிடாமல் நிற்கும். பின்னால் 12 கிலோ காயில் கம்பியும் கருவிப் பையும் கட்டியிருந்தாலும் கிளம்பும் இழுப்பில் ஒரு தயக்கமும் இல்லை. மோட்டார் கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மோட்டார் அருமையான வேலை. ஒன்பது மாதத்தில் ஒரு நாளும் சூட்டு வாடை வரவில்லை.

நெடுந்தூரப் பயணத்துக்கு ஏற்றதா என்பதை இந்த ஏப்ரலில் முறையாகச் சோதித்தேன். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார். எங்கள் ஊர் வழியாகப் போன யாத்திரை என்று சிறு வயதில் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வழியில் ஒரு முறையாவது முழுதாகப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு. இன்றைய சாலையில் அது சுமார் 200 கிலோமீட்டர். ஒரு சார்ஜில் முடியாது, இரண்டு சார்ஜில் முடியும். சோதனைக்கு அளவெடுத்தது போன்ற தூரம்.

திருச்சியில் தங்கை வீட்டில் இரவு முழுக்க ஏற்றிவிட்டு, விடியற்காலை 5.10-க்குக் கிளம்பினேன். தஞ்சாவூர் தாண்டும்போது 52 சதவீதம். கும்பகோணம் சேரும்போது மணி 7.25, மீதி 19. அங்கே எனக்குத் தெரிந்த பாத்திரப் பட்டறை இருக்கிறது. அவர்கள் பாலிஷ் மோட்டாரை நான்தான் கட்டிக்கொடுத்தேன். 15 ஆம்பியர் சாக்கெட், 228 வோல்ட், ஒரு குறையும் இல்லை. இட்லி சாப்பிட்டு, காபி குடித்து, மகாமகக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோதும் 60-ஐத்தான் தாண்டியிருந்தது. 95 ஆக இரண்டரை மணி நேரம் பிடித்தது. 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். அதற்குமேல் பேட்டரியைக் காப்பாற்றச் சார்ஜரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பொறுமை இல்லாதவர்கள் 80-லேயே கழற்றிவிட்டுக் கிளம்பிவிடுவது நல்லது.

வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி. சோதனை என்று வந்துவிட்ட பிறகு சொந்த சாக்கெட்டில் மாட்டுவது நியாயமில்லை என்பதால் வீட்டு வாசலில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு நகர்ந்தேன். திருத்துறைப்பூண்டியில் மணி 12, மீதி 38 சதவீதம். வேதாரண்யத்துக்கு இன்னும் 35 கிலோமீட்டர். கணக்குப்படி போதும். ஆனால் மதியத்துக்குமேல் கடல்காற்று எதிரே வரும். கணக்கை நம்பி அந்தச் சாலையில் இறங்க எனக்கு மனமில்லை.

ஒரு தேநீர்க் கடையில் கேட்டேன். கடைக்காரர் மறுவார்த்தை சொல்லவில்லை. கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இடம் கொடுத்தார். மாட்டினேன். சார்ஜரில் பச்சை விளக்கு வந்தது, நான்கு நிமிடத்தில் சிவப்பானது. கழற்றி மாட்டினால் மறுபடி நான்கு நிமிடம். பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன்: 168 வோல்ட். வெயில் உச்சியில் ஊரெல்லாம் ஏ.சி. ஓடுகிறது, சுற்றுவட்டாரத்தில் பருத்திக்கும் கோடை நெல்லுக்கும் பம்புசெட் ஓடுகிறது. என் சார்ஜர் ஒன்றரைக் கிலோவாட். 230 வோல்ட் இருந்தால் ஆறரை ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் குறையக் குறைய, அதே சக்தியைப் பெற அதிக ஆம்பியர் இழுக்கும். 170-க்குக் கீழே போனால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். மோட்டாருக்கு அந்த அறிவு இல்லாததால்தான் அது எரிந்து என் கடைக்கு வருகிறது.

பிளக்கைக் கழற்றியபோது அதன் ஒரு காலைத் தொட்டேன், விரலை வைக்க முடியவில்லை. சாக்கெட்டை உற்றுப் பார்த்தால் வலது துளையைச் சுற்றி டீத்தூள் நிறத்தில் ஒரு வளையம். உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்திருக்கிறது. பிடி தளர்ந்தால் அங்கே சூடாகும், சூடானால் இன்னும் தளரும். பத்து நிமிடம் ஓடும் மிக்ஸிக்கு இது தெரியாது. இரண்டு மணி நேரம் விடாமல் இழுக்கும் வண்டிக்கு இது ஆபத்து. மின்சார வண்டியில் வெளியூர் போகிறவர்கள் யாராக இருந்தாலும், மாட்டிய பத்தாவது நிமிடம் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்த இடம் வேண்டாம். நாம் கிளம்பிப் போய்விடுவோம். கடையை நம்பி வாழ்கிறவர் அங்கேயே இருப்பார்.

ஒரு மணி நேரம் வீணானது. 40 வேகத்தில் ஊர்ந்து போனேன். பாதி வழியில் ஒரு கிராமத்தில் மாவு மில் சத்தம் கேட்டது. மில் என்றால் மூன்று பேஸ் இணைப்பு, தடித்த கம்பி, நல்ல சாக்கெட். நிறுத்திக் கேட்டேன். மில் நடத்தும் அக்கா முகமெல்லாம் மிளகாய்த்தூள் படிய நின்றிருந்தார்.

"போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. இன்னும் இரண்டு படி மிளகாய்தான் இருக்கிறது. அதை அரைத்து முடித்துவிடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்."

மில் ஓடும்போது மீட்டரில் 178. அவர் சுவிட்சை அணைத்து, பெல்ட் தடதடத்து நின்றதும் முள் மெல்ல ஏறி 206-இல் நின்றது. அந்த ஒரு மோட்டார் நின்றதற்கே அத்தனை வோல்ட் ஏறுகிறது என்றால், அந்த மின்வழித்தடத்தில் எத்தனை மோட்டார் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். முக்கால் மணி நேரத்தில் 21-இலிருந்து 46 ஆனது. அதுவரை அவர் மில்லை ஓட்டவில்லை. அரிசி கொண்டுவந்த ஒரு பாட்டியிடம், "தம்பி வண்டி ஏறட்டும் ஆயா" என்று உட்காரச் சொல்லிவிட்டார். ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகமாகத்தான் எடுத்திருப்பேன். ஐம்பது ரூபாய் நீட்டினேன். இருபதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்.

3.40-க்கு அகஸ்தியம்பள்ளி உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் எதிரே வண்டியை நிறுத்தினேன். பேட்டரியில் 26 சதவீதம் மீதம். மொத்தம் பத்தரை மணி நேரம். பெட்ரோல் வண்டி என்றால் ஐந்தரை மணியில் முடித்திருப்பேன், 370 ரூபாய் செலவாகியிருக்கும். மின்சாரத்தில் மொத்தமும் என் வீட்டு மின்கட்டணக் கணக்கில் போட்டால் ஐம்பது ரூபாயைத் தொடாது.

அந்தப் பத்தரை மணியில் நாலேகால் மணி நேரம் சார்ஜருக்கும், சார்ஜர் தேடியதற்கும் போனது. திருச்சி, தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்குகளில் காருக்கான வேகச் சார்ஜர் நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் போனேன். அதன் பிளக் என் வண்டிக்குப் பொருந்தாது. இருசக்கர வண்டிகளுக்கென்று 2023-இல் இந்தியத் தர நிர்ணயப் பணியகம் ஒரு பொதுப் பிளக்குக்குத் தரம் வகுத்தது. ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு பிளக்கோடு வண்டி விற்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வருகிறது. மூன்று பின் பிளக்கை நாடு முழுக்க ஒரே அளவில் செய்யத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமா? வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் திரையையும் பார்ப்பதற்கு முன், உங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பிளக் கிடைக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பம்புசெட் கொட்டகையில் மாட்டிக்கொள்ளச் சொல்லி விவசாயிகள் அன்போடு கூப்பிடுவார்கள். மூன்று பேர் என்னைக் கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டேன். அது பயிருக்காக அரசு கொடுக்கும் இலவச மின்சாரம். அதில் வண்டிக்கு ஏற்றினால் நாளைக்கு அவர் இணைப்புக்குத்தான் சிக்கல். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த ஊரில் என்று நாளிதழில் முதல் நாள் பார்த்துக்கொள்வதும் இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மழைக்காலம் பயந்த அளவுக்கு இல்லை. பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரத்தில் அடைத்தது; ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் இரண்டு முறை இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. உப்புக்காற்றுதான் பொல்லாதது. நாகை, வேதாரண்யம் பக்கம் போய்வந்த சில வாரங்களில் சார்ஜ் துளையின் உலோக முனைகளில் பச்சைக் களிம்பு படிந்துவிட்டது. கடற்கரைக்குப் போய்வந்தால் மறுநாளே உலர்ந்த துணியால் துடைத்து, காண்டாக்ட் கிளீனர் அடிக்கிறேன்.

சர்வீஸ் விஷயத்தில் மனக்குறை உண்டு. தை மாதம் சார்ஜரின் விசிறி நின்றுபோனது. உள்ளங்கை அளவு விசிறி, என் கடையில் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடுவேன். திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்றார்கள். புதுச் சார்ஜர் வர 11 நாள். அந்தப் பதினோரு நாளும் பழைய பெட்ரோல் வண்டியைத்தான் ஓட்டினேன். அதை விற்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ஒரு நாளைக்கு 110 கிலோமீட்டருக்குள் டெல்டாவைச் சுற்றுகிறவர் யோசிக்காமல் வாங்கலாம். இருநூறு போக வேண்டும் என்றால், நடுவில் இரண்டரை மணி நேரம் உட்காரத் தெரிந்த இடமும் 200 வோல்ட்டும் வேண்டும். இங்கிருந்து சென்னைக்கு ஒரே மூச்சில் போக நினைப்பவருக்கு இந்த 4 யூனிட் வண்டி இன்று சரிவராது.

அடுத்த மாதம் கோடியக்கரைக்கு இதிலேயே போகிறேன். பையில் மீட்டரோடு இரண்டு புது 15 ஆம்பியர் சாக்கெட்டும் கொஞ்சம் நான்கு சதுர மில்லிமீட்டர் கம்பியும் வைத்திருக்கிறேன். ஒன்று அந்தத் தேநீர்க் கடைக்கு.