கால்விரல் உடைந்தால் நெல்லையில் என்ன செய்யலாம்? லீவுக்கு வருகிறவர்களுக்காக

வெளிநாட்டு வீட்டில் செருப்போடு நடந்து பழகிய கால், ஊருக்கு வந்ததும் வெறுங்காலாகிவிடும். பழைய வீடுகளின் உயர்ந்த வாசப்படி, கரண்ட் போன நேரத்துக் கட்டில்கால் இரண்டிலும் முதலில் மாட்டுவது சுண்டுவிரல்தான்.

"நடக்க முடியுதுல்லா, அப்ப உடைஞ்சிருக்காது" என்பார்கள். நம்ப வேண்டாம். குதிகாலை ஊன்றினால் உடைந்த விரலோடும் நடக்கலாம். எலும்பின் ஒரே இடத்தில் தொட்டால் உயிர் போகிற வலி, மறுநாள் பரவும் நீலம், இரண்டும் இருந்தால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பாதம் முழுக்க எடுக்கும் படத்தில் மயிரிழை விரிசல் தப்பிவிடும்; அந்த விரலை மட்டும் நேர், சாய்வு, பக்கவாட்டு என மூன்று கோணத்தில் கேளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு உண்டு. வண்ணார்பேட்டைப் பக்கம் தனியார் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

பெருவிரல் முறிவு, கோணிய விரல், நகத்தடியில் கிழிந்த காயம், மரத்துப்போன அல்லது வெளுத்த நுனி: இவற்றில் எதுவானாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமலே புண்ணாகிவிடும், அவர்களும் தள்ளிப்போடக் கூடாது.

விலகாத சின்ன விரல் முறிவுக்கு மாவுக்கட்டு தேவையில்லை. பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டினால் போதும். சுண்டுவிரலை நாலாம் விரலோடு, இரண்டாம் விரலை மூன்றாவதோடு. நடுவில் காஸ் துணியை மடித்து வைத்து, மூட்டை விட்டுவிட்டு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பட்டை டேப். ஒட்டியதும் நகத்தை அமுக்கிப் பாருங்கள். வெளுத்த நகம் 2 விநாடிக்குள் சிவக்காவிட்டால் இறுக்கம் அதிகம். நம்ம ஊர் வேர்வையில் இடையிலிருக்கும் தோல் ஊறி வெந்துபோகும். தினமும் பிரித்து, கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, புது காஸ் வையுங்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு நனைந்த டேப்போடு திரிவதுதான் எல்லாவற்றையும் கெடுப்பது. முதல் 2 நாள் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைப்பதும், காலைத் தலையணையில் உயர்த்துவதும் வீக்கத்துக்கு.

நாட்டுக்கட்டு போடச் சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால், விரல் வீங்கும்போது ரத்த ஓட்டம் நின்றுவிடும். பற்றுக்குள் தோல் கொப்புளித்தாலும் வெளியே தெரியாது. சித்த வைத்தியம்தான் வேண்டுமென்றால் பாளையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எக்ஸ்ரேயோடு அங்கே போங்கள்.

ரப்பர் செருப்பு வளைவதால் ஒவ்வொரு அடியிலும் முறிவு அசையும். கையால் மடித்துப் பார்த்தால் மடங்காத சோல், அகலமான முன்பக்கம், பட்டை வைத்த சாண்டல் வாங்குங்கள். எலும்பு கூட 4 முதல் 6 வாரமாகும். நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றுவதை அதுவரை தள்ளிவையுங்கள். சாமி எங்கேயும் போய்விடாது.

திரும்பும்போது நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த், விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை. நீண்ட பயணத்தில் பாதம் வீங்கும் என்பதால் டேப்பைத் தளர்த்தி ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள். இன்சூரன்ஸ் கேட்பதாக இருந்தால் துண்டுச்சீட்டு போதாது. தேதி, டாக்டர் கையெழுத்து, பதிவு எண், சீல் உள்ள ரசீதையும் எக்ஸ்ரே பிலிமையும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.