சிவகாசி தினசரிக் காலண்டர் மலேசியாவில் எவ்வளவுக்கு உதவும்?

டிசம்பர் பிறந்தால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் கடை வாசலில் தொங்கும் தினசரிக் காலண்டர்களில் சிவகாசியில் அச்சானவை நிறைய. சாமி படம் பளிச்சென்று இருக்கும், தேதி தூரத்திலிருந்தே தெரியும், விரதமும் முகூர்த்தமும் ஒரே தாளில் கிடைக்கும். தாள் மெல்லிசு, சமையலறைச் சுவரில் ஈரத்துக்கு நெளிந்துவிடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நேரம் பார்க்கும்போதுதான் கவனம் வேண்டும்.

'இந்திய நேரத்தோடு இரண்டரை மணி கூட்டிக்கோ' என்பது நம்மவர் கணக்கு. திதி, நட்சத்திரம், யோகம் முடியும் நேரத்துக்கு அது சரி. அவை உலகம் முழுவதும் ஒரே கணத்தில் முடிபவை. தாளில் 'இரவு 10.14 வரை' என்றிருந்தால் இங்கே நள்ளிரவு தாண்டி 12.44. தேதியே மாறிவிடுகிறது, பலர் கோட்டைவிடும் இடம் இது.

ராகு காலத்துக்கு இதே கணக்கைப் போட்டால் தப்பு. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையிலான பொழுதை 8 பங்காக்கி, வெள்ளிக்கிழமை 4ஆம் பங்கை எடுப்பது முறை. காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்து அச்சிட்டதுதான் தாளில் உள்ள 10.30–12.00. கோலாலம்பூரில் உதயம் நவம்பர் தொடக்கத்தில் 7 மணியை ஒட்டியும், பிப்ரவரி நடுவில் 7.28 அளவிலும் இருக்கும். 7.20க்கு உதித்து மாலை 7.20க்கு மறையும் வெள்ளியன்று ராகு காலம் 11.50 முதல் 1.20 வரை. தாளில் உள்ளபடியே எடுத்தாலும் பிசகு. இரண்டரை மணி கூட்டி 1.00–2.30 என்று வைத்தாலும் பிசகு. எமகண்டம், குளிகை, கௌரி நல்ல நேரம் எல்லாவற்றுக்கும் இதே கதி. பினாங்கில் உதயம் இன்னும் சில நிமிடம் தள்ளிப்போகும்.

இவ்வளவு இடைவெளி எப்படி வந்தது? கோலாலம்பூரின் இயல்பான சூரிய நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 47 நிமிடம்தான் முந்தி. மலாயாவில் 1933இல் பகல் வெளிச்சத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை 20 நிமிடம் முன்னே தள்ளினார்கள். 1941இல் கிரீன்விச்சோடு உள்ள இடைவெளி ஏழரை மணியானது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பமும் சபா, சரவாக்கோடு சேர்ந்து 8 மணி இடைவெளிக்கு வந்தது. லண்டன்காரர் கோடையில் மட்டும் செய்வதை நாம் வருடம் முழுக்கச் செய்கிறோம் என்றே சொல்லலாம்.

விரத நாளிலும் கவனம் தேவை. இங்கே காலை 7.20 என்பது இந்தியாவில் 4.50, சென்னையில் அப்போது இன்னும் விடிந்திருக்காது. ஏகாதசி இந்திய நேரம் 5.30க்குத் தொடங்கினால் சென்னையில் அன்றைய உதயத்திலேயே ஏகாதசி. நமக்கு உதயத்தில் தசமிதான், ஏகாதசி மறுநாள் உதயத்துக்குத்தான் வரும். தாளில் போட்ட தேதியில் விரதம் இருந்தால் ஒரு நாள் முந்திவிடும்.

வாங்கும்போது முகப்பில் உள்ளூர்க் கடையின் பெயரையும் மலேசியப் பொது விடுமுறையையும் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே புரட்டி, சூரிய உதயம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 6 மணியை ஒட்டி இருந்தால் இந்தியக் கணிப்பு, 7ஐ ஒட்டியோ அதற்கு மேலோ என்றால் இந்த ஊருக்குக் கணித்தது. உதயமே போடவில்லை, ஆனால் வெள்ளி ராகு காலம் வருடம் முழுக்க 10.30 என்றால் வைத்துவிட்டு வாருங்கள். வாக்கியமா திருக்கணிதமா என்பதையும் கேளுங்கள். இந்த இரண்டு பஞ்சாங்கக் கணிப்பு முறைகளுக்கும் திதி முடிவில் சில சமயம் மணிக்கணக்கில் வித்தியாசம் வரும்.

தேதி, பண்டிகை, தமிழ் மாதம் பார்க்க இந்தக் காலண்டர் தாராளமாகப் போதும். திருமண முகூர்த்தத்துக்கு இதை நம்பி மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம். லக்னம் ஊருக்கு ஊர் மாறும், கூட்டிக் கழித்துச் சரிக்கட்ட முடியாது. ஜாதகம் கணிக்கக் கொடுப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கவும்: 1941 செப்டம்பர் முதல் 1981 டிசம்பர் வரை தீபகற்பத்தில் பிறந்தவர்களுக்குக் கிரீன்விச்சோடு ஏழரை மணி நேர வித்தியாசம், இடையில் ஜப்பானியர் காலத்தில் பிறந்தவர்களுக்கு டோக்கியோ நேரமான 9 மணி. கணினியில் '8' என்று தட்டினால் லக்னமே மாறக்கூடும்.