ஒரு அங்குல மேப்பில் அப்பாயியின் மலையைத் தேடிய நான்கு வருடம்

எங்கள் அப்பாயி பிறந்த லயம் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. 1960களின் கடைசியில் இலங்கை மலையகத்தில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா டவுனோடு அதுவும் மூழ்கிப்போனது. அவர் வாயில் மிஞ்சியிருப்பவை பெயர்கள்தான்: பீலிக்கரை மலை, கோயில் மலை, பணியக் கணக்கு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நட்ட ஒரு துண்டு நிலம். கணக்கு என்றால் டிவிசன், தோட்டத்தின் ஒரு பிரிவு. லயம் என்றால் காம்பரா எனும் அறைகள் வரிசையாக உள்ள தொழிலாளர் குடியிருப்பு.

இந்தப் பெயர்களின் இடத்தைப் பிடிக்கத்தான் அணை கட்டுவதற்கு முன் அச்சான ஒரு அங்குல மேப்பைத் தேடி எடுத்தேன். மலைப் பெயர்கள் அதில் இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஒன்றுகூட இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. ஒரு மைல் ஒரு அங்குலமாகச் சுருங்கினால் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். பத்து ஏக்கர் மலை ஒன்று மூன்று மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும். அதில் எங்கே பெயர் எழுத?

ஆனால் அந்த மேப் தரும் மற்ற விஷயங்களுக்கு ஈடே இல்லை. ஓடைகள், வண்டிப்பாதைகள், சரிவு எங்கே செங்குத்து, எங்கே தட்டை, எல்லாம் அணைக்கு முன்பிருந்தபடியே இருக்கின்றன. இன்றைய சாட்டிலைட் படத்தில் அங்கே வெறும் நீர்தான்.

தோட்டத்தின் பெயரிலேயே ஒரு வருடம் போய்விட்டது. தாத்தாவின் பிறப்புச் சான்றிதழில் ஒரு இங்கிலீஷ் பெயர், அப்பாயி சொல்வது வேறொரு தமிழ்ப் பெயர். இரண்டும் வேறு வேறு தோட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் ரயில் நுழைகிற சுரங்கத்தை நாம் சிங்கமலை என்போம், இங்கிலீஷில் அதற்கு பூல்பேங்க் என்றும் பெயர் உண்டு. தோட்டங்களும் அப்படித்தான். பழைய பெர்குசன் டைரக்டரி என்ற விவரத் தொகுப்பில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இரண்டும் ஒரே தோட்டம் என்று தெரிந்தது. குடும்பத் தேடலைத் தொடங்குகிறவர்கள் மேப்புக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

அப்புறம் தாளைத் தரையோடு பொருத்தும் வேலை. இதற்கான கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள் இலவசம், பழகிக்கொண்டால் போதும். முதலில் தாளை மொபைலில் படம் எடுத்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் ஆற்றின் வளைவு ஒன்று காணாமலே போனது. தட்டையாக வைத்து ஸ்கேன் செய்தே ஆக வேண்டும். அடையாளப் புள்ளியாக ஸ்டோரை, அதாவது தேயிலை ஃபேக்டரியை, வைத்ததும் தப்பு. பழைய ஸ்டோர் இருந்த இடம் வேறு என்று பிறகு தெரிந்தது, தாள் முழுக்க நகர்ந்துவிட்டிருந்தது. ஓடைகள் கூடும் இடங்களையோ நீர்த்தேக்கம் விழுங்கிவிட்டது. கடைசியில் கைகொடுத்தவை மலை உச்சிகள்தான். தாளின் ஓரத்திலுள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை நம்பிப் பொருத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய தாள்கள் கந்தவல என்ற அளவை முறையில் ஆனவை. அதை மாற்றாமல் போனால் மொபைல் காட்டும் இடத்திலிருந்து சில நூறு அடி தள்ளி நிற்பீர்கள்.

மலைகளின் நம்பர் கிடைத்தது ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரிடம். தோட்டத்து பிளானைத் துணியில் நகல் எடுத்த ஒரு படம் வைத்திருந்தார். நீல மை ஓரங்களில் பரவியிருந்தது, ஆனாலும் ஒவ்வொரு துண்டிலும் நம்பரும் ஏக்கர், ரூட், பேர்ச் என்ற நில அளவும் படிக்க முடிந்தது. பெயர் அதிலும் இல்லை. ஒவ்வொரு நம்பராகத் தொட்டு, "இத நாங்க பீலிக்கரைன்னு சொல்லுவோம் தம்பி" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

முதல் இரண்டு வருடம் அப்பாயியிடம் நான் கேட்டதே தப்பாக இருந்தது. "பீலிக்கரை எங்கே?" என்றால் கையை விரிப்பார். "கொழுந்துக் கூடையோட ஸ்டோருக்கு எப்படிப் போவீங்க? எந்த ஓடையத் தாண்டுவீங்க?" என்று கேட்டதும் பாதை முழுவதும் வந்தது. அவர் சொன்ன வழியை மேப்பிலுள்ள ஓடைகளோடு வைத்துப் பார்த்தேன், இரண்டே இடத்தில்தான் பொருந்தியது.

கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். அப்படி ஒரு சமயம் மேப்பை மொபைலில் ஏற்றிக்கொண்டு வெடித்த சேற்றில் நடந்தேன். அப்பாயியின் லயம் என்று நான் குறித்திருந்த புள்ளியில் ஒன்றுமே இல்லை. வீடியோ கால் போட்டு அப்பாயிக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "சாமி, கோயிலுக்குப் பின்பக்கமா ஏறு, வலது கைப்பக்கம் படிக்கட்டு இருக்கும்" என்றார். அறுபது எட்டு வைத்திருப்பேன். கருங்கல் படி மூன்று, அதற்கு மேலே நீளமாக ஒரு அஸ்திவாரம்.

"அதுதான். கடைசிக் காம்பரா நம்மளுது" என்றார்.

புள்ளியை அங்கே நகர்த்திவிட்டேன். இப்போது நடுக் கணக்கைப் பொருத்திக்கொண்டிருக்கிறேன்.