தாளா, ஓஸ்கியா?

இங்கே சிங்கப்பூரில் மருத்துவ உளவியல் முதுகலைக்குப் பாடம் எடுக்கும் தோழி கேட்டார்: மாணவர் கற்றதை எதை வைத்து அளப்பது? எழுத்துத் தேர்வா, ஓஸ்கியா? ஓஸ்கி (OSCE) என்பது, 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியிலிருந்து ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் மருத்துவ மாணவர்களுக்காக விவரித்து எழுதிய செய்முறைத் தேர்வு முறை. அறை அறையாகப் போய், நோயாளியாக நடிப்பவரிடம் பேசிக் காட்ட வேண்டும்.

செலவு
தாள்: ஒரு கூடம், ஒரு கண்காணிப்பாளர்.
ஓஸ்கி: நடிகர், அறை, அறைக்கொரு தேர்வாளர். பணம் கரையும்.

எதை அளக்கிறது
தாள்: தெரியுமா என்று.
ஓஸ்கி: செய்ய வருமா என்று. தற்கொலை ஆபத்து பற்றி அருமையாக எழுதிய மாணவி ஒருவர். எதிரில் நடித்த அம்மா, “இருந்து என்னம்மா பிரயோஜனம்?” என்று தமிழில் சொன்னதும், பேனா மூடியைத் திருகிக்கொண்டே, “சரி, தூக்கம் எப்படி?” என்று தாவிவிட்டார். தாளில் இது தெரிந்தே இருக்காது.

நம்பகம்
தாள்: விடைக்குறிப்பு இருந்தால் சிக்கல் குறைவு.
ஓஸ்கி: ஒரு தேர்வாளர் கறார், இன்னொருவர் தாராளம். ஓரிரு அறைகளை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

புள்ளியியல், ஆய்வுமுறைக்குத் தாளே போதும். நேர்காணல், ஆபத்து மதிப்பீட்டுக்கு, நிஜ நோயாளியிடம் அனுப்புமுன் ஓஸ்கி. காசு இடித்தால் மூத்த மாணவர்களை நடிக்க வைக்கலாம். தமிழோ மலாயோ பேசுபவர் ஒருவராவது இருக்கட்டும்.