செட்டிநாட்டு வீட்டு ஆல்பம்: 1600 பிக்சலா, 2560 பிக்சலா?

கானாடுகாத்தான் வீடுகளைப் படமெடுத்து இணைய ஆல்பம் போடுபவர்களுக்கு இரண்டு வழி: நீளப் பக்கம் 1600 பிக்சல், ஜேபெக் (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை) தரம் 80, அல்லது 2560 பிக்சல், தரம் 92.

இரண்டாவதில் பிக்சல்கள் மட்டுமே இரண்டரை மடங்கு. தரமும் ஏறுவதால் கோப்பு இன்னும் பெருக்கும். மொபைல் டேட்டாவில் பார்க்கும் உறவினருக்கு 1600 தான் நல்லது. முற்றம், வளவு, முகப்பு, கல்யாணக் கூட்டம் எல்லாம் அதில் அழகாகவே தெரியும்.

ஆத்தங்குடி தரைக்கல் மட்டும் வேறு கதை. ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. தரம் குறைந்தால் பல மென்பொருள்கள் நிற விவரத்தையும் குறைத்துவிடும். சிவப்பும் பச்சையும் தொடும் பூ விளிம்பு அங்கேதான் கலங்கும்; அதனால் தரைக்கல்லுக்கு 2560 தான். நிற விவரத்தைக் குறைக்காத 4:4:4 அமைப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பர்மா தேக்குக் கதவின் நுண்செதுக்கலைப் பெரிதாக்கிப் பார்க்க விரும்புபவருக்கும் 2560 வேண்டும்.

என் தேர்வு: ஆல்பம் முழுக்க 1600; தரை, கதவு நெருக்கப் படங்களுக்கு மட்டும் 2560. அப்புறம், தரம் 80 என்பது சதவீதம் அல்ல, மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். எந்த அளவானாலும் மூலப் படத்திலிருந்தே சுருக்குங்கள்.