கிற்றாரா, வீணையா? முதலில் குதிரையைப் பாருங்கள்

மட்டக்களப்பில் பிள்ளைக்குத் தந்தி வாத்தியம் பழக்க நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது கிற்றாரிலோ வீணையிலோதான். ஒன்று மேல்நாட்டுச் சாமான், மற்றது நம்முடையது என்பதோடு பேச்சும் முடிந்துவிடும். நானோ தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு பாலமான குதிரையைத்தான் முதலில் பார்ப்பேன்.

தந்தி தனியே அசைக்கிற காற்று மிகக் கொஞ்சம். அதன் அதிர்வைக் குதிரை வாங்கிப் பலகைக்குக் கடத்த, பலகைதான் காற்றைத் தள்ளுகிறது. கிற்றாரில் தந்தி ஒடுங்கிய விளிம்பொன்றில் முடிகிறது. மேற்பலகையின் தடிப்பு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான். அதிர்வைச் சட்டென வாங்கி உரக்க ஒலித்து ஓய்ந்துவிடும். வீணையின் குதிரைமேல் இருப்பதோ லேசாக வளைந்த அகலத் தகடு. அதிரும் தந்தி அதைத் தொட்டுத் தொட்டு விலகும்.

வித்தியாசத்தை நீங்களே கேட்கலாம். கிற்றாரின் திறந்த தந்தியைச் சரிநடுவில், 12ஆவது மெட்டுக்கு (விரல்பலகையின் குறுக்குக் கட்டைக்கு) மேலே, மீட்டுங்கள். அடிச்சுரத்தின் 2, 4, 6 மடங்கு அதிர்வெண்ணில் கூடவே ஒலிக்கும் இரட்டைப்படை மேற்சுரங்கள் எழாது. ஒலி வெறுமையாக இருக்கும். வீணையின் முதல் தந்தியான சாரணியை நடுவில் மீட்டினாலும் அவை கேட்கும். விதிப்படி வரக்கூடாத அந்தச் சுரங்களைத் தகட்டின் உரசல் கொண்டுவருகிறது என்று சி. வி. இராமன் 1921இல் எழுதினார்.

சுரத்தை அசைத்து வளைத்து வாசிக்கும் கமகத்திலும் வீணைதான் முன்னால். உயர்ந்த மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் இழுவிசை கூடி, அதே மெட்டிலிருந்தே அடுத்தடுத்த சுரங்கள் வரும். கிற்றாரில் இவ்வளவு தூரம் இழுபடாது. ஆனால் தேவாலயப் பாட்டுக்குச் சேர்ந்திசைக்க வேண்டுமென்றால் வீணையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

யாழையும் கேட்பார்கள், காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் ஊர்ப்பக்கமல்லவா! 1947இல் அரங்கேறிய அவரது யாழ் நூல் பழைய யாழ்களைக் கணக்கிட்டு மீட்டெடுத்த ஆராய்ச்சி. யாழில் மெட்டில்லை, சுரத்துக்கொரு நரம்பு; தோல் போர்த்த பத்தர் என்ற அடிப்பகுதி ஒலியைப் பெருக்கும். ஆராய அருமை, பிள்ளைக்குப் பழக்க ஆளெங்கே?

கல்லடி போல ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமான இடத்தில் உப்புக்காற்று இரண்டின் உருக்குத் தந்தியையும் துருவாக்கும். கிற்றாருக்குப் புதுத்தந்தி மாட்டினால் போதும். வீணைக்கு வெயிலும் பகை: மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகினால் மெட்டு நகரும், மறுபடி மேளங்கட்ட, அதாவது மெட்டுகளைச் சுரத்துக்கேற்பப் பொருத்த, தெரிந்தவரைத் தேட வேண்டும்.

இருந்தும் சங்கீதம் பழக என்றால் வீணைதான் என் தெரிவு. பழைய வீணை வாங்கப் போனால் தகட்டைத் தடவிப் பாருங்கள். தந்தி பள்ளம் போட்டிருந்தால், அதைத் தேய்த்துச் சரிசெய்யும் கூலியையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.